மூணாவது சரணத்துக்கு முன்னாடி

பேக்கர்ஸ் ஃபோர்க், கென்டக்கி
மார்ச் 4

அன்புள்ள வெஸ்டா அக்காவுக்கு,

காகிதத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பயந்துவிடாதே. எல்லாரும் இருக்கிறோம். ஃபோனில் எழுதி எழுதி அலுத்துப்போய்த்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் அம்மாவுக்கு இருமல் கூடிவிட்டது என்று அனுப்பினேனே, கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயம், "உங்கள் அன்புக்கு நன்றி" என்று ஒரு வரி. தங்கச்சிக்கு நீ அப்படி எழுத மாட்டாய். உன் பாட்டுக் கம்பெனிக்காரப் பெண், கெண்டலோ என்னவோ பேர் சொன்னாயே, அவள் வேலைதானே? நம்ம அம்மா இருமலுக்கு அவள் எதற்கு இதயம் போடணும்? காகிதம் என்றால் நீதான் பிரிக்கணும், நீதான் எழுதணும். உன் கோழிக்கிறுக்கலை எவளாலும் போலி பண்ண முடியாது.

முதலில் அம்மா. வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் வைத்துவிட்டார்கள். மூக்கில் குழாய், அது நீளமாகத் தரையில் இழுபடுகிறது. "சங்கிலி போட்ட நாய்க்கு வாசல் வரைக்குமாவது போக முடியும், எனக்கு அடுப்படியோட சரி" என்கிறாள். மிஷின் இரவும் பகலும் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்கிறது. கிட்டாரை வைத்துப் பார்த்தேன், ஜி சுரத்துக்கு ஒரு மயிரிழை கீழே. இந்த வீட்டில் இனி எதைப் பாடினாலும் அதோடு சேர்ந்துதான் பாடணும். பள்ளிக்கூடச் சமையலறையில் முன்னூறு பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திப் பரிமாறிய குரல் இப்போது ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை நிற்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்கிறாள். நான் நம்பவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். இணையத்தில் பாட்டு விமர்சனம் எழுதுகிறேனே, அந்த என் பக்கத்தை எட்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். பெட்ரோல் பங்க் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி சொல்வதை எட்டாயிரம் பேர் கேட்கிறார்கள், நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. வேட் ப்ரம்லியின் புது ஆல்பத்தைப் போன வாரம் கிழித்துத் தொங்கவிட்டேன். பதினாலு பாட்டு, பதினாலிலும் அதே லாரி, அதே பீர், அதே ஆற்றங்கரை. லாரிக்கே அலுத்திருக்கும். மூன்று மைல் கொடுத்தேன். (என் கணக்கு உனக்குத் தெரியும். ஒரு பாட்டை நேரில் கேட்க எவ்வளவு தூரம் வண்டி ஓட்டுவேனோ அத்தனை மைல்.) சந்தையில் ஐடா ஸ்டம்போவின் பழைய இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. ஆயுசுக்கு இரண்டே ஆல்பம் போட்டவள். 'வீடு' என்று சொல்லும்போது அவள் குரல் ஒரு படி இறங்கும் பார், அதற்கு நூற்றிருபது மைல் கொடுத்தேன். நல்ல பாட்டுக்காரி அழ மாட்டாள், கேட்கிறவள்தான் அழணும்.

பக்கத்தின் பேரே என் விதிதான்: மூணாவது சரணம். முதல் சரணத்தில் ஆள், இரண்டாவதில் ஆசை, மூணாவதில் யாராவது சாகணும். சாகாவிட்டால் அது விளம்பரம், பாட்டு இல்லை.

அம்மா கேட்கச் சொன்னாள், எப்போது வருகிறாய்? அடுப்பு மேல் விளக்கை இன்னும் உனக்காக எரிய விட்டுத்தான் படுக்கிறாள்.

உன்
ஜூனி


நாஷ்வில்
மார்ச் 21

அன்புள்ள ஜூனிக்குட்டிக்கு,

இதயம் போட்டது கெண்டல்தான். வெட்கமாக இருக்கிறது. கம்பெனி என் ஃபோனை வாங்கி வைத்துக்கொள்கிறது, வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறார்கள். நீ காகிதத்திலேயே எழுது. உன் கடிதத்தைப் பேருந்தில் மூன்று தடவை படித்தேன். லாரிக்கே அலுத்திருக்கும் என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்து, டிரம்ஸ்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

இங்கே பாட்டு எழுதுகிற லட்சணத்தைக் கேள். பல் டாக்டரிடம் போவதுபோல நேரம் வாங்கிக்கொண்டு ஓர் அறைக்குப் போகணும். முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு குழந்தை பிறந்துவிடணும், மூன்று பேரும் பெற்றவர்கள். போன செவ்வாய் எனக்கு ஒன்றுமே வரவில்லை. உன் கடிதத்தின் கடைசி வரிதான் மண்டைக்குள் இருந்தது. அம்மா எங்கள் இரண்டு பேருக்காகவும் அடுப்பு மேல் விளக்கை எரிய விட்டுவிட்டுப் படுப்பாள் என்றேன். இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு சரணம் வந்துவிட்டது.

அப்புறம் வயசானவர் கேட்டார், "சரி, மூணாவதுல அம்மா என்ன ஆகறாங்க?"

"என்ன ஆகறாங்க? விளக்கைப் போட்டுட்டுப் படுத்திருக்காங்க."

"அது ரெண்டாவதுலயே முடிஞ்சிருச்சேம்மா. மூணாவதுல யாராவது போகணும்."

நான் சிரித்துவிட்டேன். "என் தங்கச்சிய உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். அப்புறம் நானேதான் எழுதினேன் ஜூனி. விளக்கு அணைந்திருக்கிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அம்மாவின் கை என் கைக்குள் ஆறிப்போகிறது. எழுதி முடித்ததும் அறையில் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் வந்தால் கம்பெனி பணம் போடும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பாட்டுதானே. பாட்டில் செத்தவர்கள் மறுநாள் எழுந்து காபி போடுவார்கள்.

ஒலிப்பதிவு முடிந்ததும் உனக்கு அனுப்பச் சொல்கிறேன். நீ கேட்டு உண்மையைச் சொல்லு, எட்டாயிரம் பேருக்குச் சொல்வது போல. அம்மாவுக்கு இரண்டு சரணம் மட்டும் போட்டுக் காட்டு. மூணாவதுக்கு முன்னாடி நிறுத்திவிடு.

வசந்தத்தில் வருகிறேன்.

உன் அக்கா
வெஸ்டா


பேக்கர்ஸ் ஃபோர்க்
ஏப்ரல் 17

என் வெஸ்டா அக்காவுக்கு,

வேலை முடிந்து பெட்ரோல் பங்க்குக்குப் பின்னாடி காரிலேயே உட்கார்ந்து கேட்டேன். முடிந்ததும் திரும்பக் கேட்டேன். ராத்திரி வேலைக்கு வந்த டார்லா கண்ணாடியைத் தட்டி, "என்னடி, யாராவது உன்ன விட்டுட்டுப் போயிட்டானா?" என்றாள். இல்லை என்று கையை ஆட்டினேன்.

உண்மையைச் சொல்லு என்றாய். சொல்கிறேன். முதல் சரணத்தில் பிடில் அதிகம், யாரோ நெய் ஊற்றியது மாதிரி இருக்கிறது. இரண்டாவதில் ஸ்டீல் கிட்டார் நுழைகிற இடம் அற்புதம், கதவை மெதுவாகத் திறந்து யாரோ எட்டிப் பார்ப்பது போல. ஆனால் மூணாவது. அக்கா, 'ஆறிப்போன கை' என்கிறாயே, அந்தக் 'கை' என்ற ஒற்றை எழுத்தில் உன் குரல் உடைகிறது. பாட்டுக்காரி அழக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த ஒரு உடைசலுக்காக அதை வாபஸ் வாங்கினேன். அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. இவ்வளவு நிஜமான ஓர் எழுத்தை நான் எந்த ஆல்பத்திலும் கேட்டதில்லை.

மைல் இப்போது போட மாட்டேன். முழுசா நேரில் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பீன்ஸ் ஆய்ந்துகொண்டே கேட்டாள். மூணாவது வருவதற்கு முன்னாடி என் கட்டைவிரல் போய் நிறுத்தியது. 

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"விளக்கு எரிஞ்சிட்டே இருக்கா?"

"இருக்கு."

"நல்லது. மின்சாரக் கம்பெனிக்காரனுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னாள். இப்போது தினம் சாயங்காலம் கேட்கிறாள். நான் தினம் நிறுத்துகிறேன். எந்த நொடியில் என்று விரலுக்கே தெரிந்துவிட்டது.

வசந்தம் வந்து வாசலில் நிற்கிறது. நீ?

உன்
ஜூனி


டல்சா, ஓக்லஹோமா
ஆகஸ்ட் 2

அன்புள்ள ஜூனிக்குட்டிக்கு,

வசந்தத்தை விட்டுவிட்டேன், திட்டு. 'அடுப்படி விளக்கு' வானொலியில் ஏறிவிட்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, என்னைவிட முன்னாடி உனக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் ஓர் ஊர். கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள், கையெழுத்துக்கு இல்லை. அவரவர் அம்மாவைப் பற்றிச் சொல்ல. நேற்று ஒரு பெரிய ஆள், கை முழுக்கப் பச்சை குத்தியவர், என் தோளில் சாய்ந்து அழுதார். "நீங்க கையையாவது புடிச்சிட்டு இருந்தீங்க. நான் அன்னிக்கு வேலைல இருந்தேன்" என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல?

ஒன்று நடந்துவிட்டது. மற்றவர்கள் சொல்லித் தெரிய வேண்டாம். ஜூன் மாதம் ஒரு வானொலிக்காரர் நேரலையில் கேட்டார், "அம்மா போய் எவ்வளவு நாளாச்சு?" இருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த மனுஷன் கண்ணில் தண்ணி நிற்கிறது ஜூனி. "விளக்கு எரிஞ்சிட்டே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. அடுத்த வாரம் சுவரொட்டியில் 'அம்மாவை இழந்த மகளின் பாட்டு' என்று வந்துவிட்டது. கம்பெனியில் சொன்னேன். "இப்ப மாத்தினா உங்கள மட்டுமில்ல, அழுத அத்தனை பேரையும் ஏமாத்தின மாதிரி ஆகும்" என்கிறார்கள்.

அங்கே மலைக்குள் எந்த வானொலி நிலையமும் சரியாக எடுக்காது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அக்கா
வெஸ்டா


பேக்கர்ஸ் ஃபோர்க்
அக்டோபர் 6

அக்காவுக்கு,

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுதுகிறேன். அம்மா செத்துப்போன செய்தி ஊருக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டினார்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அம்மா மூக்குக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்த் திறந்திருக்கிறாள். வாசலில் அம்மாவோடு வேலை பார்த்த ஓமா அத்தை, பின்னாடி பழைய பள்ளிக்கூடச் சமையல்கார அம்மாக்கள் நான்கு பேர். மாவட்ட டவுனுக்குப் போய்க் குடியேறினார்களே, அந்த ஐந்து பேரும்தான். அம்மாவை நான்கு வருஷமாகப் பார்க்காதவர்கள். கையில் சீஸ் உருளைக்கிழங்கு, சுட்ட ஹாம், வாழைப்பழப் புட்டிங், ஒரு பெரிய வெள்ளை லில்லிக் கொத்து. யார் பாத்திரம் யாருடையது என்று அடியில் டேப் ஒட்டிப் பேர் எழுதி, சாவு வீட்டுக்கு எடுத்துப் போவோமே, அப்படியே.

அம்மா பாத்திரங்களைப் பார்த்தாள். லில்லியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது போல.

"யாருடி செத்தது?"

 ஓமா அத்தைதான், "நடீன், ரேடியோல உம்பொண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"ரேடியோல எம்பொண்ணு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாப் பாடுறா."

"அதுக்கா ஹாம்? உள்ள வாங்க, ஆறிடும். செத்தவளும் சாப்பிடலாம்ல?"

நான் தலையில் துண்டோடு வெளியே வந்தபோது ஆறு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அம்மாவின் சாவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் பரிமாறினாள். "உப்பு கம்மி. எனக்காக இன்னும் கொஞ்சம் அழுதுட்டுப் போட்டிருக்கலாம்" என்றாள். புட்டிங் கொண்டுவந்த பெர்னிஸ் சிரிக்கப் போய்த் தொண்டையில் சிக்கிக்கொண்டாள். போகும்போது அம்மா எல்லாரையும் வாசலில் நிறுத்தி, "இது இந்த வாசலத் தாண்டக்கூடாது. என் புள்ள பாட்டு இப்பத்தான் மேல ஏறுது" என்று சத்தியம் வாங்கினாள்.

பாத்திரங்களைக் கழுவித் துடைத்து, என்னை வண்டி ஓட்டச் சொல்லி வீடு வீடாகப் போய் அவளே திருப்பிக் கொடுத்தாள். சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு. தன் சாவுக்கு வந்த பாத்திரத்தைத் தானே திருப்பிக் கொடுத்த பொம்பளை இந்த மலையில் அம்மா ஒருத்திதான்.

லில்லிப் பூ இன்னும் அடுப்படியில் இருக்கிறது. தூக்கிப் போடு என்றேன், எனக்கு வந்ததுதானே என்கிறாள்.

நான் உன்னைத் திட்டலாம். ஆனால் மூணாவதில் யாராவது சாகணும் என்று எட்டாயிரம் பேருக்கு எழுதியவள் நான். நீ அதைப் பாட்டில் வைத்தாய், அவ்வளவுதான். நீ வந்து அவளுக்கு எதிரே ஒரு தடவை உட்காரணும். அது போதும்.

ஜூனி


நாஷ்வில்
அக்டோபர் 19

ஜூனிக்குட்டி,

உன் கடிதத்தை முடிக்க முடியவில்லை. ஹாம் வரை படித்துவிட்டுக் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வர முடியாது. நவம்பர் முழுக்க மேடை, ஜனவரி ஒன்பதாம் தேதி விருது விழா. பாட்டு பட்டியலில் இருக்கிறது. போன மாதம் ஒருவன் என் காரைப் பின்தொடர்ந்து வந்து வீட்டைப் படம் எடுத்தான். நான் அங்கே வந்து, எவனாவது வந்து, குழாய் மாட்டிய அம்மாவோடு என்னைப் படம் பிடித்தால்? எனக்காக மட்டும் சொல்லவில்லை. டல்சாவில் என் தோளில் அழுத அந்த ஆளை நினைத்துப் பார். விருது முடியட்டும், நானே மேடையில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நேராக வீடு.

அதுவரை உன் பக்கத்தில் எதுவும் எழுதாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

வெஸ்டா


பேக்கர்ஸ் ஃபோர்க்
நவம்பர் 29

அக்கா,

எழுதவில்லை. எழுத மாட்டேன். போன வாரம் ஒரு பெண் என் பக்கத்தில் கேட்டாள், "நீங்க அதே ஊருதானே, இவங்க அம்மா நிஜமாவே இறந்துட்டாங்களா? உயிரோட பார்த்ததா ஒருத்தர் சொன்னாரே." நான் அதை அழித்துவிட்டேன். பிடிக்காத ஆல்பத்தைக்கூட மூன்று மைல் என்று முகத்துக்கு நேரே சொன்ன பக்கம் அது. முதல் தடவையாக ஒன்றை அழித்தேன். அதற்குப் பிறகு எந்த ஆல்பத்தைப் பற்றியும் எழுத வரவில்லை. கேட்கிறேன், எதுவும் உள்ளே போகவில்லை.

தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மூன்று தட்டு வைத்தாள். வான்கோழி வேண்டாம் என்று கோழியே வைத்தோம், அதிலும் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். வீட்டுக்கு வரும் நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டு, பனிக்காலம் தாண்டுவது கஷ்டம் என்றாள். அம்மா உள்ளேயிருந்து, "என்ன சொல்றா? நான்தான் அக்டோபர்லயே போயாச்சுன்னு சொல்லு" என்றாள்.

சாயங்காலம் பாட்டைப் போட்டேன். வழக்கம்போல நிறுத்தினேன்.

"மூணாவது என்னடி?"

"ரெண்டுதாம்மா."

"மூணாவது இல்லேன்னா அது விளம்பரம்னு நீதானே எழுதின?"

 "நீ எப்ப என் பக்கத்தைப் படிச்ச?"

"ஹாம் கொண்டு வந்த நாள்லேர்ந்து. ஓமா ஃபோன்ல காட்டுவா. எட்டாயிரத்துல ஒண்ணு நானு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "போடச் சொல்லல. நீ நிறுத்துற இடத்துலதான் நானும் மூச்ச நிறுத்துறேன். அத மட்டும் தெரிஞ்சுக்க."

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. விளக்கை எரிய விட்டுவிட்டுப் படுத்தாள்.

விருது வேண்டாம் அக்கா. பெட்ரோல் போட்டுக் கிளம்பு. பின்வாசல் வழியாக வா, இருட்டியதும் வா, எப்படியாவது வா.

ஜூனி


நாஷ்வில்
டிசம்பர் 11

ஜூனிக்குட்டி, கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். இருபத்து மூன்று, இருபத்து நாலு, இரண்டு நாள் முழுசாக வாங்கிவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடு. சோள ரொட்டிக்கு மோர் வாங்கி வை, கடை ரொட்டி தின்று நாக்கு செத்துவிட்டது.

வெஸ்டா


டிசம்பர் 22

ஜூனி,

தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, கடைசி நேரத்தில் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை போல. ஜனவரி பத்தாம் தேதி காலையில் கிளம்பிவிடுவேன். அம்மாவிடம் நீயே ஏதாவது சொல்லு. உனக்குத்தான் நன்றாகச் சொல்ல வரும்.

வெ.


பேக்கர்ஸ் ஃபோர்க்
ஜனவரி 18

வெஸ்டாவுக்கு,

ஃபோனில் நீ கேட்டதற்கெல்லாம் அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் தேதி, உன் விருது விழா நாள், ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து அம்மாவின் மூச்சு மாறிவிட்டது. நர்ஸ் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடு என்றாள். ராத்திரி உன்னைக் கூப்பிட்டேன். கெண்டல் எடுத்தாள்.

"வெஸ்டா மேடைல இருக்காங்க. யாரு பேசறது?"

"தங்கச்சி."

 அப்புறம், "அம்மாவா?" என்றாள்.

"ஆமா."

"ஒரு நிமிஷம், ஃபோன வச்சிடாதீங்க" என்று சொல்லி ஓடினாள். அவள் ஓடுகிற காலடி கேட்டது. ஃபோனை மேடைப் பக்கம் நீட்டியிருக்கிறாள். நீ பாடிக்கொண்டிருந்தாய். அதே பாட்டு, இரண்டாவது சரணம். கெண்டலைப் பற்றி முதல் கடிதத்தில் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஃபோனை அம்மா காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்ணைத் திறந்தாள். "யாரு?"

"வெஸ்டா. பாடிட்டு இருக்கா."

இரண்டாவது முடிந்தது. பழக்கம், என் கட்டைவிரல் தானாகப் போயிற்று. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. விடவே இல்லை. மூணாவதை முழுசாகக் கேட்டாள். விளக்கு அணைந்ததைக் கேட்டாள், நீ பக்கத்தில் உட்கார்ந்ததைக் கேட்டாள், கையைக் கேட்டாள்.

நானும் கேட்டேன். 'ஆறிப்போன கை'. உன் குரல் உடைந்தது. அதே இடத்தில், அதே எழுத்தில், அதே அளவு. ஒலிப்பதிவை நான் முன்னூறு தடவை கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? இழை பிசகவில்லை. ஏப்ரலில் நான் என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது என்று எழுதினேன். தினமும் பாடினால் தானே படிந்துவிடும் போல.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் வந்தது. நிற்கவே இல்லை.

"கூட்டம் நிறையவா?" என்றாள் அம்மா.

"நிறையம்மா."

"விளக்கு அணைஞ்சிருச்சுன்னா பாடுறா?"

"ஆமா."

"நீ போய்ப் பாரு."

அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "எரியுதும்மா."

"அப்ப சரி" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவ பாட்டக் கெடுத்துடாத" என்றாள். கடைசியாகச் சொன்னது அது. திங்கள்கிழமை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. நர்ஸ் மிஷினை நிறுத்தினாள். பத்து மாதமாக அதன் சுருதியில் இருந்த வீடு சட்டென்று ஓய்ந்ததும், எனக்குக் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் நீ கூப்பிட்டாய். அழுதாய். புதன்கிழமை அடக்கம் என்றேன், வருகிறேன் என்றாய். அதற்குப் பிறகு ஒரு நொடி நிறுத்தினாய். அந்த நொடியில் கம்பெனி இல்லை, கெண்டல் இல்லை, நீ மட்டும்தான் யோசித்தாய். அதைக் கேட்டுத்தான் "வேண்டாம், வராதே" என்றேன். நீ மறுத்துப் பேசுவாய் என்று காத்திருந்தேன்.

அடக்கத்தைக் கேட்டாய். பத்திரிகையில் செய்தி கொடுக்கவில்லை, அம்மா சொன்னது. நம் ஓடைக்கரை ஆட்களும் அந்தச் சமையல்கார அம்மாக்களும் மட்டும் வந்தார்கள். ஒருத்தரும் பாத்திரம் கொண்டு வரவில்லை. "எனக்குச் சமைச்சது சமைச்சாச்சு. ரெண்டாவது தடவை கொண்டு வந்தா எழுந்து வந்து துரத்துவேன்" என்று ஓமா அத்தையிடம் சொல்லி வைத்திருந்தாளாம். எந்தச் சாவுக்கும் வெறுங்கையோடு போய்ப் பழகாத பொம்பளைகள். பனியில் முற்றத்தில் நின்றுகொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விடுவதும் எடுப்பதுமாக இருந்தார்கள். பெர்னிஸ் மட்டும் என்னைக் கட்டிக்கொண்டு, "உனக்காவது ஏதாவது கொண்டு வந்திருப்பேன்டி. அவ சொன்னாளே" என்றாள். பூவும் இல்லை. பூ அக்டோபரிலேயே வந்துவிட்டது.

விருது உனக்குக் கிடைத்ததை டார்லா சொன்னாள். அம்மா உயிரோடு இருப்பதை மேடையில் நீ சொல்லவில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். இனி சொல்லத் தேவை இல்லை. இப்போது அது பொய் இல்லை.

ஆனால் உன் பாட்டில் ஒரு பிழை இருக்கிறது. கை யாருடைய கைக்குள் ஆறிப்போனது என்பது. வெளியே சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கணும் என்றுதான் எழுதுகிறேன்.

மைல் போடவில்லை என்று ஏப்ரலில் சொன்னேனே. நேரில் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்றேன். கேட்டாயிற்று. நம் வாசலிலிருந்து அந்த மேடைக்கு எத்தனை மைலோ அத்தனையும் உனக்கே. நான் வண்டி ஓட்டவில்லை. அம்மா போய்விட்டு வந்தாள்.

மூணாவது சரணம் பக்கத்தை மூடிவிட்டேன். விளக்கையும் அணைத்துவிட்டேன். அது இரண்டு பேருக்காக எரிந்தது, ஒருத்தி வீட்டில்தான் இருக்கிறாள்.

இனிக் காகிதத்தில் எழுத மாட்டேன். ஏதாவது இருந்தால் ஃபோனில் அனுப்புகிறேன். கெண்டல் பதில் போடுவாள்.

ஜூனி ராட்லிஃப்